ஒரு துடிப்பின் விசை போகும் வழி: இதயச் செல்லில் தசைப் புரதங்களும் ஆக்டின் சட்டகமும், படிப்படியான முழு வழிகாட்டி

நிமிடத்துக்கு 70 முறை என்று வைத்துக்கொண்டாலும் இதயம் ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது. அதன் தசைச் செல் ஒன்றின் நீளம் சுமார் 100 மைக்ரான். அதற்குள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருக்கும் சார்கோமியர் என்ற சுருங்கும் அலகு ஒவ்வொன்றும் சுமார் 2 மைக்ரான். அப்படியானால் செல்லின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை ஏறத்தாழ 50 சார்கோமியர்கள். ஒவ்வொன்றும் 0.2 மைக்ரான் குறுகினால் செல் 10 மைக்ரான் குறுகும். இந்தச் சின்னக் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிட்டு மேலே படியுங்கள். அந்த 10 மைக்ரான் இழுப்பு எங்கே பிறக்கிறது, யார் யார் கைமாறிப் பக்கத்துச் செல்லுக்குப் போய்ச் சேர்கிறது என்பதே இந்த வழிகாட்டியின் பொருள்.

இந்தப் பாடத்தைப் பலரும் பெயர்ப் பட்டியலாகப் படிக்கிறார்கள். மயோசின், ட்ரோபோனின், டைட்டின், வின்குலின், டிஸ்ட்ரோஃபின் என்று மனப்பாடம் செய்கிறார்கள். தேர்வு முடிந்ததும் எல்லாம் கலைந்துவிடுகிறது. நான் பரிந்துரைக்கும் முறை வேறு. எந்தப் புரதத்தை எடுத்தாலும் இரண்டே கேள்விகளைக் கேளுங்கள்: இது ஆக்டினை, அதாவது செல்லின் மெல்லிய இழைகளை ஆக்கும் புரதத்தை, எந்த இடத்தில் தொடுகிறது? தொட்டு வாங்கிய விசையை யாரிடம் கொடுக்கிறது? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் அந்தப் புரதம் பழுதானால் என்ன நேரும் என்பதையும் பெருமளவு ஊகித்துவிடலாம்.

படி 1: இரண்டு ஆக்டின்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

இதயச் செல்லில் ஆக்டின் ஒரே வகை என்று எண்ணுவதில்தான் பாதிக் குழப்பம் தொடங்குகிறது. சார்கோமியருக்குள் இருப்பது பெரும்பாலும் ஆல்ஃபா இதய ஆக்டின். சவ்வின் அடிப்புறத்திலும் செல்லோடு செல் ஒட்டும் இடங்களிலும் பீட்டா, காமா வகை ஆக்டின்கள் இருக்கின்றன. ஏறக்குறைய எல்லா வகைச் செல்களிலும் காணப்படும் பொதுவான ஆக்டின்கள் இவை. முதலாவது சுருங்குவதற்கு; இரண்டாவது தாங்குவதற்கும் கடத்துவதற்கும்.

இவற்றின் அமைப்பில் வேறுபாடு மிகக் குறைவு. ஆல்ஃபா இதய ஆக்டினுக்கும் எலும்புத் தசையின் ஆல்ஃபா ஆக்டினுக்கும் இடையே 375 அமினோ அமிலங்களில் நான்கு மட்டுமே மாறுகின்றன. பொது ஆக்டின்களோடு ஒப்பிட்டால் வேறுபாடு சற்றுக் கூடும். அதுவும் பெரும்பாலும் புரதத்தின் தொடக்க முனையில் குவிந்திருக்கிறது. இவ்வளவு ஒத்த இரண்டு புரதங்களைச் செல் தனித்தனி இடத்தில், தனித்தனித் துணைகளோடு வைத்திருக்கிறது. ஆகவே 'ஆக்டினோடு பிணைகிறது' என்ற வரியை எங்கே கண்டாலும் எந்த ஆக்டின் என்று கேளுங்கள்.

படி 2: இழையின் திசையைப் பிடியுங்கள்

ஆக்டின் தனி மணியாக இருக்கும்போது சுமார் 42 கிலோடால்டன் எடை. மணிகள் கோத்து முறுக்கேறினால் சுமார் 7 நானோமீட்டர் தடிமனுள்ள இழையாகும். மணிகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து அடுக்கப்படுவதால் இழைக்குத் திசை உண்டு. ஆக்டினைப் பிடித்து இழுக்கும் மோட்டார் புரதமான மயோசினின் தலைகளை அதன்மேல் ஒட்டவிட்டு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் இழை நெடுக அம்புத்தலைகள் வரிசையாகத் தெரியும். அதனால்தான் ஒரு முனைக்குக் கூர்முனை என்றும் மறுமுனைக்கு முள் முனை என்றும் பெயர் வந்தது.

சார்கோமியரில் முள் முனை அதன் எல்லையான இசட் தட்டுக்குள் புதைந்திருக்கும். கூர்முனை நடுவிலுள்ள எம் கோட்டை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். முள் முனையை கேப்-இசட் என்ற புரதம் மூடுகிறது. கூர்முனையில் ட்ரோபோமாடுலின் மூடியாக இருக்கிறது. லியோமோடின் அதற்கு எதிராக நின்று இழையை நீளவிடுகிறது. இந்த இழுபறியில்தான் மெல்லிழை எனப்படும் இந்த ஆக்டின் இழையின் நீளம் ஏறத்தாழ 1 மைக்ரானில் நிலைபெறுகிறது. அதாவது ஒரு மெல்லிழையில் சுமார் 360 மணிகள்.

இழையின் நீளம் ஏன் இவ்வளவு முக்கியம்? மெல்லிழை குட்டையானால் மயோசின் எட்டிப் பிடிக்க இடம் குறையும். மிக நீண்டால் எதிர்ப்பக்க இழைகளோடு நடுவில் மோதும்.

படி 3: பூட்டு எங்கே இருக்கிறது?

மெல்லிழையின் மேல் கயிறு போல ஓடுகிறது ட்ரோபோமயோசின். ஒவ்வொரு மூலக்கூறும் சுமார் 40 நானோமீட்டர் நீளம். ஏழு ஆக்டின் மணிகளை அணைத்துக்கொண்டு படுத்திருக்கும். ஏழு மணிக்கு ஒரு ட்ரோபோனின் கூட்டு. அந்தக் கூட்டில் மூன்று உறுப்புகள்: ட்ரோபோமயோசினைப் பற்றியிருக்கும் ட்ரோபோனின் டி, ஆக்டினை அழுத்தித் தடுக்கும் ட்ரோபோனின் ஐ, கால்சியத்தை ஏற்கும் ட்ரோபோனின் சி. 1960களில் ஜப்பானிய அறிஞர் செட்சுரோ எபாஷி ட்ரோபோனினைக் கண்டறிந்த பிறகே கால்சியம் எப்படித் தசையை இயக்குகிறது என்பது தெளிவானது.

ஓய்வில் இருக்கும் செல்லில் கால்சியத்தின் அளவு சுமார் 100 நானோமோலார். மின் தூண்டல் வந்ததும் சவ்வின் வாயில்கள் வழியாகக் கொஞ்சம் கால்சியம் உள்ளே வருகிறது. அந்தக் கொஞ்சமே சார்கோபிளாச வலைப்பின்னலில் சேமித்து வைத்திருக்கும் பெருமளவு கால்சியத்தைத் திறந்துவிடுகிறது. அளவு ஏறத்தாழ பத்து மடங்கு வரை உயரலாம்.

இப்போது மிக நெருங்கிப் பாருங்கள். ட்ரோபோனின் சி-யின் ஒரு குழிவில் ஒரு கால்சியம் அயனி வந்து உட்காருகிறது. எலும்புத் தசையின் ட்ரோபோனின் சி-யில் இதற்கான இயக்க இடங்கள் இரண்டு. இதயத்தில் ஒன்றுதான் வேலை செய்கிறது. அயனி உட்கார்ந்ததும் புரதத்தின் ஓரத்தில் நீரை விலக்கும் பிளவு ஒன்று திறக்கிறது. ஆக்டினைப் பிடித்திருந்த ட்ரோபோனின் ஐ-யின் வால்பகுதி தன் பிடியை விட்டு இந்தப் பிளவுக்குள் நழுவி வருகிறது. பிடி விட்டதும் ட்ரோபோமயோசின் ஆக்டினின் மேற்பரப்பில் சற்று உருண்டு விலகுகிறது. மயோசின் அமரும் இடத்தில் ஒரு பகுதி வெளியே தெரிகிறது. ஆனால் முழுவதும் அல்ல. முதல் மயோசின் தலை வந்து ஒட்டித்தான் ட்ரோபோமயோசினை மீதித் தூரம் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் பக்கத்து மணிகளையும் திறந்துவிடுகிறது. கால்சியம் கதவின் தாழ்ப்பாளை நீக்குகிறது, மயோசின் கதவைத் தள்ளித் திறக்கிறது என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதயத்தின் ட்ரோபோனின் ஐ-க்கு எலும்புத் தசையில் இல்லாத ஒரு தனிச் சிறப்பு உண்டு. தொடக்கத்தில் சுமார் 30 அமினோ அமில நீளத்துக்கு ஒரு கூடுதல் நீட்சி. அட்ரினலின் சுரக்கும்போது அங்குள்ள இரண்டு செரீன்களில் பாஸ்பேட் ஏறுகிறது. கால்சியம் ட்ரோபோனின் சி-யை விட்டு விரைவாகக் கழன்றுகொள்கிறது. ஓடும்போது இதயம் வேகமாகச் சுருங்கினால் மட்டும் போதாது, வேகமாகத் தளரவும் வேண்டும். இல்லையென்றால் அடுத்த துடிப்புக்குள் அறைகளில் இரத்தம் நிரம்பாது. மாரடைப்பு ஐயம் வந்தால் இரத்தத்தில் தேடுவதும் இந்த ட்ரோபோனின்களைத்தான்: செல் சிதைந்தால் இதய வகை ஐ-யும் டி-யும் வெளியே கசிகின்றன.

படி 4: மயோசின் இழுக்கும் சுழற்சியை வரிசையாக எழுதுங்கள்

தடித்த இழை சுமார் 1.6 மைக்ரான் நீளம். சுமார் 300 மயோசின் மூலக்கூறுகளால் ஆனது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு தலைகள். இந்தச் சுழற்சியை வரைபடமாகப் பார்ப்பதைவிட, ஒரு தலையின் கதையாகச் சொந்தச் சொற்களில் எழுதிப் பார்ப்பதே சிறந்த பயிற்சி என்பது என் அனுபவம். கதை இப்படிப் போகும்.

தலை ஆக்டினோடு இறுக ஒட்டியிருக்கிறது. செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி ஒன்று வந்து அதில் பொருந்துகிறது. பிடி தளர்ந்து தலை கழல்கிறது. தலை அந்த ஏடிபியை அடினோசின் டைபாஸ்பேட்டும் பாஸ்பேட்டுமாக உடைக்கிறது. இந்த உடைப்பின் ஆற்றலில் தலை வில்லை நாணேற்றியது போல நிமிர்கிறது. பிறகு ஆக்டினில் புதிய இடத்தில் மெல்ல ஒட்டுகிறது. பாஸ்பேட் வெளியேறும் கட்டத்தில் பிடி இறுகி, நெம்புகோல் போன்ற கழுத்து மடங்கி, ஆக்டின் இழை சுமார் 5 முதல் 10 நானோமீட்டர் இழுபடுகிறது. விசை சில பிகோநியூட்டன். கடைசியாக அடினோசின் டைபாஸ்பேட் வெளியேறுகிறது. தலை அடுத்த ஏடிபிக்காகக் காத்திருக்கிறது.

ஏடிபி வராவிட்டால் தலை கழலாது. இறந்த உடல் விறைப்பது அதனால்தான். தளர்வதற்கும் ஆற்றல் வேண்டும் என்ற இந்த உண்மையை இதயத்தைப் படிப்பவர்கள் எப்போதும் மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

இழைகள் குட்டையாவதில்லை, ஒன்றன்மேல் ஒன்று சறுக்குகின்றன என்பதை 1954இல் இரண்டு குழுக்கள் ஒரே நேரத்தில் அறிவித்தன: ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ரால்ஃப் நீடர்கெர்கேயும் ஒருபுறம், ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் மறுபுறம். அதற்கு முன்பே, 1940களின் தொடக்கத்தில், ஹங்கேரியின் செகெட் நகரில் ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜியின் ஆய்வகத்தில் புருனோ ஸ்ட்ராப் ஆக்டினைப் பிரித்தெடுத்திருந்தார்.

எலியையும் மனிதனையும் ஒப்பிடுவோருக்கு ஓர் எச்சரிக்கை. வளர்ந்த மனித இதயக் கீழறையில் பீட்டா மயோசினே மிகுதி; அது மெதுவானது, சிக்கனமானது. சுண்டெலியில் ஆல்ஃபா மயோசின் மிகுதி; அது வேகமானது. சுண்டெலியில் கண்ட வேக அளவுகளை அப்படியே மனிதனுக்குப் பொருத்தக் கூடாது.

படி 5: இழுப்பைக் கட்டுப்படுத்தும் கை

மயோசின் பிணைப்புப் புரதம் சி தடித்த இழையில் வால் ஊன்றி, தலையை நீட்டி மயோசினையும் ஆக்டினையும் மாறி மாறித் தொடுகிறது. பாஸ்பேட் ஏறாதபோது மயோசின் தலைகளை அடக்கி வைக்கிறது, ஏறியதும் விடுவிக்கிறது. இது சின்ன வேலை போலத் தோன்றலாம். ஆனால் இதயத் தசை தடிப்பு நோயில் மிக அதிகமாக மாற்றம் காணப்படும் இரண்டு மரபணுக்களில் ஒன்று இதனுடையது. மற்றது பீட்டா மயோசினுடையது.

படி 6: டைட்டின் என்னும் நீண்ட சுருள்

மனித உடலின் மிகப் பெரிய புரதம் டைட்டின். 3 மெகாடால்டனுக்கும் மேல் எடை. ஒரே மூலக்கூறு இசட் தட்டிலிருந்து எம் கோடு வரை, அரைச் சார்கோமியர் நீளத்துக்கு ஓடுகிறது. தடித்த இழையோடு ஒட்டிய பகுதி விறைப்பானது. அதற்கும் இசட் தட்டுக்கும் இடைப்பட்ட பகுதி சுருள்வில் போல நீளும். இதயம் நிரம்பும்போது செல்லை அளவுக்கு மீறி நீளாமல் பிடிப்பதும், சுருங்கியபின் பழைய நீளத்துக்குத் தள்ளுவதும் இதுதான். இசட் தட்டு ஓரத்தில் இது மெல்லிழையோடு பிணைகிறது; அதன் சுருள் பகுதியில் புரோலின் மிகுந்த ஒரு துண்டும் ஆக்டினை உரசி இலேசான இழுவையைத் தருகிறது.

இதயத்தில் டைட்டினுக்கு இரண்டு முக்கிய வடிவங்கள்: குட்டையான விறைத்த என்2பி, நீண்டு இளகிய என்2பிஏ. இவற்றின் விகிதம் மாறினால் இதயச் சுவரின் இறுக்கமும் மாறும். இதயத் தசை விரிவு நோயில் அடிக்கடி காணப்படும் மரபுக் காரணம் டைட்டின் மரபணுவில் பாதியில் அறுபடும் மாற்றங்களே.

படி 7: இசட் தட்டு, விசையின் முதல் சந்தி

இங்கே ஆல்ஃபா ஆக்டினின் என்ற புரதம் இரண்டிரண்டாகத் தலைமாற்றிச் சேர்ந்து, இருபக்கச் சார்கோமியர்களின் ஆக்டின் இழைகளைக் குறுக்கே கட்டுகிறது. பெயர் ஒத்து ஒலிப்பதால் இதை ஆல்ஃபா ஆக்டினோடு குழப்பாதீர்கள். ஒன்று கட்டுபவர், மற்றது கட்டப்படும் இழை. டைட்டினின் முனையும் இங்கேயே ஊன்றியிருக்கிறது. சுற்றிலும் டெஸ்மின் என்ற 10 நானோமீட்டர் இழைகள் பக்கத்துப் பக்கத்து இசட் தட்டுகளை வரிசை கலையாமல் பிணைக்கின்றன. ஃபிலமின் சி இழைக் கட்டுகளை இணைத்து, தேய்ந்த இடங்களைப் பழுதுபார்க்க வருகிறது.

படி 8: பக்கச்சுவர்

இசட் தட்டுக்கு வந்த விசை நேராக முனைக்கு மட்டும் போவதில்லை, பக்கவாட்டிலும் வெளியேறுகிறது. சவ்வின் அடியில் இசட் தட்டுகளுக்கு நேரே விலா எலும்பு போல வரிவரியாக அமைந்த கட்டமைப்புக்குக் காஸ்டாமியர் என்று பெயர். இங்கே சார்கோமியர் ஆக்டினிடமிருந்து பொது ஆக்டினுக்கு விசை கைமாறுகிறது.

இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று டிஸ்ட்ரோஃபின்: ஒரு முனையாலும் நடுத்தண்டாலும் காமா ஆக்டினைப் பற்றி, மறுமுனையால் டிஸ்ட்ரோகிளைக்கான் வழியாக வெளியே உள்ள லாமினினைப் பிடிக்கிறது. இதயச் செல்லில் இது விலா வரிகளோடு நிற்காமல் சவ்வு நெடுகப் பரவியிருக்கிறது. டூஷென் என்ற பரம்பரைத் தசைச் சிதைவு நோயில் இப்புரதம் இல்லாததால் ஒவ்வொரு துடிப்பிலும் சவ்வு கிழியும் அபாயத்தில் இருக்கிறது. காலப்போக்கில் இதயமும் பலவீனமடைகிறது.

மற்றொன்று சவ்வில் உள்ள இன்டெக்ரின், அதன் உட்புறத்தில் ஒட்டும் டேலின், வின்குலின் ஆகிய புரதங்களின் பாதை. இதில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி ஒன்று உண்டு. டேலினின் தண்டு சுருள்சுருளாக மடிந்த கட்டுகளால் ஆனது. இழுவை சில பிகோநியூட்டனைத் தாண்டியதும் ஒரு கட்டு பிரிகிறது. அதுவரை உள்ளே மறைந்திருந்த வின்குலின் ஒட்டும் இடம் வெளிப்படுகிறது. வின்குலின் வந்து ஒட்டி, தன் வாலால் இன்னோர் ஆக்டின் இழையைப் பிடிக்கிறது. இழுக்க இழுக்க இணைப்பு அறுவதற்குப் பதிலாக வலுப்பெறுகிறது.

படி 9: முனைச்சுவர்

செல்லும் செல்லும் சேரும் இடைத்தட்டில் மூன்று வகை இணைப்புகள் கலந்திருக்கின்றன. கடைசிச் சார்கோமியரின் மெல்லிழைகள் ஒட்டு இணைப்பில் முடிகின்றன. அங்கே என்-கெடரின் வெளியே பக்கத்துச் செல்லின் கெடரினைக் கைகோக்க, உள்ளே பீட்டா கேட்டினின், ஆல்ஃபா கேட்டினின் வழியாக ஆக்டின் பிடிபடுகிறது. ஆல்ஃபா கேட்டினினும் டேலினைப் போலவே இழுவையில் விரிந்து வின்குலினை அழைக்கிறது.

இரண்டாவது இணைப்பான டெஸ்மோசோம் பிடிப்பது டெஸ்மின் இழையை, ஆக்டினை இல்லை. தேர்வுத்தாள்களில் திரும்பத் திரும்ப வரும் பிழை இது. இடைவெளி இணைப்பில் உள்ள கனெக்சின் 43 மின் தூண்டலைக் கடத்துகிறது.

படி 10: உட்கருவுக்குப் போகும் செய்தி

தனி ஆக்டின் மணிகள் எம்ஆர்டிஎஃப் என்ற புரதத்தைப் பிடித்து உட்கருவுக்கு வெளியே வைத்திருக்கின்றன. செல் நீட்டப்பட்டு மணிகள் இழையில் சேரச் சேர, அது விடுபட்டு உட்கருவுக்குள் போய் எஸ்ஆர்எஃப் என்ற இன்னொரு புரதத்துடன் சேர்ந்து மரபணுக்களை இயக்குகிறது. அவற்றில் ஆக்டினும் வின்குலினும் உண்டு. சுமை கூடினால் சட்டகத்துக்கான கச்சாப்பொருளும் கூடுகிறது.

படி 11: கண்ணால் பாருங்கள்

ஆக்டின் இழையைப் பார்க்க மிக எளிய வழி ஃபாலாய்டின். நச்சுக் காளான் ஒன்றிலிருந்து கிடைத்த இந்தப் பொருள் அடுத்தடுத்த மூன்று மணிகள் சேரும் சந்தில் ஒட்டுகிறது. தனி மணியில் ஒட்டாது. செல்லை 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடில் 10 முதல் 15 நிமிடம் நிலைப்படுத்தி, சிறிதளவு டிரைட்டன் என்ற சலவைப்பொருளால் சவ்வைத் துளைத்து, ஒளிரும் ஃபாலாய்டினையும் ஆல்ஃபா ஆக்டினின் ஆன்டிபாடியையும் இடுங்கள்.

மெத்தனாலில் மட்டும் நிலைப்படுத்தாதீர்கள். ஆன்டிபாடிக்கு அது நன்றாக இருந்ததால் ஒருமுறை நான் அப்படிச் செய்தேன். இசட் தட்டுகள் அழகாக வரிசையாகத் தெரிந்தன. ஆக்டின் பக்கம் முழு இருட்டு. சாயம் கெட்டுவிட்டது என்று எண்ணி இரண்டு நாட்களை இழந்தேன். மெத்தனால் ஆக்டின் இழையின் வடிவத்தைக் குலைத்துவிட்டால் ஃபாலாய்டினுக்குப் பிடிக்க இடமே இல்லை.

சரியாக வந்தால் ஏறத்தாழ 2 மைக்ரான் இடைவெளியில் மெல்லிய கோடுகளும் (ஆல்ஃபா ஆக்டினின்) அவற்றைச் சுற்றி அகன்ற பட்டைகளும் (ஃபாலாய்டின்) மாறிமாறித் தெரியும். ஃபாலாய்டின் இரண்டு ஆக்டின்களையும் ஒன்றாகவே காட்டும். காமா ஆக்டினைத் தனியாகப் பார்க்க அதற்கே உரிய ஆன்டிபாடி வேண்டும்.

படி 12: பிணைப்பைச் சோதியுங்கள்

ஒரு புரதம் ஆக்டினோடு நேரடியாகப் பிணைகிறதா என்று அறிய வீழ்படிவுச் சோதனை போதும். குறைந்த உப்பில் ஆக்டின் மணியாக இருக்கும்; 50 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடும் 2 மில்லிமோலார் மக்னீசியம் குளோரைடும் ஏடிபியும் சேர்த்தால் இழையாகும். சோதிக்கும் புரதத்தைக் கலந்து 1,00,000 ஜி வேகத்தில் சுழற்றுங்கள். இழைகள் அடியில் தங்கும். பிணைந்த புரதமும் கூடவே இறங்கும். மேல்நீரையும் அடிப்படிவையும் ஜெல்லில் ஓடவிட்டு ஒப்பிடுங்கள்.

ஆக்டின் இல்லாமல் அந்தப் புரதத்தை மட்டும் சுழற்றிய குழாய் இல்லாத முடிவை நம்பாதீர்கள். பல புரதங்கள் தாமாகவே திரண்டு இறங்கிவிடும். சுமார் 10,000 ஜி-யிலேயே ஆக்டின் இறங்கினால், உங்கள் புரதம் இழைகளைக் கட்டுகளாகக் கட்டுகிறது என்று பொருள். ஆல்ஃபா ஆக்டினினை வைத்து முதலில் ஒத்திகை பாருங்கள்.

படி 13: ஒரு நோயை எடுத்து இந்த வரைபடத்தில் வையுங்கள்

1990இல் இதயத் தசை தடிப்பு நோயுள்ள ஒரு குடும்பத்தில் பீட்டா மயோசினின் 403ஆம் இடத்தில் ஆர்ஜினின் குளூட்டமினாக மாறியிருப்பது கண்டறியப்பட்டது. அந்த இடம் மயோசின் ஆக்டினைத் தொடும் பரப்பில் இருக்கிறது. அமெரிக்காவில் 2022இல் ஒப்புதல் பெற்ற மாவாகாம்டென் என்ற மருந்து, ஆக்டினைப் பிடிக்கத் தயாராக நிற்கும் மயோசின் தலைகளின் எண்ணிக்கையைக் குறைத்து இந்நோயில் வேலை செய்கிறது. இது நான்காம் படியின் நோய்.

அடுத்து ஆல்ஃபா இதய ஆக்டினையே எடுங்கள். 1998இல் இதன் மரபணு மாற்றங்கள் இதயத் தசை விரிவு நோயுள்ள குடும்பங்களில் வெளியாயின. அவை இழை இசட் தட்டிலும் இடைத்தட்டிலும் ஊன்றுவதற்கு உதவும் பகுதியில் இருந்தன. அடுத்த ஆண்டு, 1999இல், அதே மரபணுவில் இன்னொரு மாற்றம் தடிப்பு நோயுள்ள குடும்பத்தில் கிடைத்தது. அது மயோசின் அமரும் இடத்துக்கு அருகில் இருந்தது. விசை பிறக்கும் இடத்தில் பழுது வந்தபோது சுவர் தடித்தது. விசையைக் கடத்தும் இடத்தில் பழுது வந்தபோது அறை விரிந்தது. புரதம் ஒன்றுதான்.